மழைச் சாலையில் வண்டி வழுக்காமல் இருக்க: டயரைப் பார்ப்பதிலிருந்து சேற்றில் மாட்டிய காரை வெளியே எடுப்பது வரை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் புதிதாகக் கார் வாங்கியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கிரிப்புக்கு எந்தக் கம்பெனி டயர் போடலாம்?" என்பதுதான். கம்பெனி அப்புறம். இப்போது வண்டியில் இருக்கிற டயரை ஒழுங்காக வைத்துக்கொண்டு, காலை மெதுவாக அழுத்தப் பழகினாலே பெரும்பாலான வழுக்கல் வராது. செலவும் அதிகம் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. ஆயிரம் கிலோ எடையுள்ள சின்னக் காரில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 250 கிலோ இருக்கும். 32 பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால், அந்தச் சக்கரம் சாலையைத் தொடும் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதாவது உள்ளங்கை அளவு. பிரேக் பிடிப்பது, வளைவது, வேகமெடுப்பது மூன்றும் அந்தச் சின்னப் பரப்பில் கிடைக்கிற பிடியைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. காய்ந்த தாரில் பிடி நிறைய இருப்பதால் பங்கு பற்றி யாரும் யோசிப்பதில்லை. நனைந்த தாரில் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும், அப்போது வளைந்துகொண்டே பிரேக்கையும் அழுத்தினால் பற்றாக்குறை வந்து வண்டி நேராகச் சறுக்கிக்கொண்டு போகும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சமாளிக்கத்தான்.

படி 1: குனிந்து டயரைப் பாருங்கள்

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்காகச் சின்ன ரப்பர் மேடு இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், காருக்கு இந்தியச் சட்டம் அனுமதிக்கிற கடைசி அளவு அது. ஆனால் சட்டப்படி சரி என்பதும் மழையில் பிடிக்கும் என்பதும் ஒன்றல்ல. பள்ளத்தின் வேலையே தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே அந்த வேலை மந்தமாகிவிடும், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது என் கட்சி. டயரின் வெளிப்பக்கம் மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு உள்பக்க ஓரத்தையும் பாருங்கள். அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்ட வண்டியில் வெளியே புதுசு மாதிரியும் உள்ளே மொட்டையாகவும் இருக்கும்.

அப்புறம் வயது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2320 என்றிருந்தால் 2020ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அதிகம் ஓடாத வண்டியில் பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஆறு வருடம் தாண்டிய ரப்பர் இறுகிப்போய் நனைந்த சாலையில் சரியாகப் பிடிக்காது.

இரண்டு டயர் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் புதியதைப் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் "இழுக்கிறது முன்சக்கரம்தானே சார்" என்று வாதாடுவார், விட்டுக்கொடுக்காதீர்கள். முன்பக்கம் சறுக்கினால் காலை எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பின்பக்கம் சறுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், பழக்கமில்லாதவர்களுக்கு அதை மீட்பது மிகக் கடினம்.

படி 2: காற்று

இதில்தான் குழப்பம் அதிகம். "மழைக்காலத்தில் காற்றைக் குறைச்சு வச்சா நல்லா புடிக்கும்" என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். தார்ச்சாலைக்கு அது தவறு. தேங்கிய தண்ணீரின் மேல் வேகமாகப் போகும்போது டயர் தரையைத் தொடாமல் தண்ணீரின் மேலேயே மிதக்கத் தொடங்கும். 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து இதை ஆராய்ந்து, எந்த வேகத்தில் மிதக்கும் என்பது காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். தண்ணீரைத் தள்ள முடியாத டயருக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால், 32 பிஎஸ்ஐ இருக்கும்போது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர் வருகிறது, 24 பிஎஸ்ஐ என்றால் 82. எட்டு பிஎஸ்ஐ குறைத்ததற்கு, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறைந்த வேகத்திலேயே மிதக்க ஆரம்பித்துவிடும். காருக்கு இந்த எண்கள் தோராயம்தான், ஆனாலும் காற்று குறையக் குறைய சீக்கிரம் மிதக்கும் என்பது மாறாது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவு, அதுவும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பங்க்கில் "எல்லாத்துக்கும் 35" என்று அடித்துவிடுவார்கள், உங்கள் வண்டிக்கு என்ன எண் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். காற்றைக் குறைப்பது மணலுக்கும் சேற்றுக்கும் மட்டும், அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 3: எங்கே வழுக்கும் என்று கண் தெரிந்துகொள்ள வேண்டும்

கொட்டுகிற மழையைவிட முதல் தூறல் மோசமானது. வாரக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெய், ரப்பர் துகள், புழுதி எல்லாம் கொஞ்சம் ஈரத்தோடு கலந்து வழவழப்பான பூச்சாகிவிடும். நன்றாக அரை மணி நேரம் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், அதுவரை பைக்கில் இருந்தால் டீக்கடையில் ஒதுங்குவது கோழைத்தனம் அல்ல. சிக்னல் முன்னால் வண்டிகள் நின்று நின்று எண்ணெய் சொட்டிய நடுப்பகுதி, ஜீப்ரா கோடு, வெள்ளைக் கோடு, பாலத்தின் இரும்பு இணைப்புகள், பாதாளச் சாக்கடை மூடி, ரயில்வே கேட் தண்டவாளம் என்று இவை எல்லாமே நனைந்தால் தாரைவிடப் பலமடங்கு வழுக்கும். தண்டவாளத்தை பைக்கில் கடக்கும்போது முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் முன்சக்கரம் தண்டவாளத்தோடு போய்விடும். டெல்டா பக்கம் அறுவடை சமயத்தில் சாலையில் காயும் வைக்கோலும் நெல்லும் மழையே இல்லாமல் வழுக்குகிற ரகம், அதன் மேல் பிரேக் பிடிக்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டு போங்கள்.

கரிசல் மண் தனிக் கதை. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மழை பெய்த காட்டுப்பாதையில் வண்டியை இறக்கினால், பத்தடி போவதற்குள் டயர் பள்ளம் முழுவதும் களிமண் அப்பி, பட்டன் டயரும் மொட்டை டயரும் ஒன்றாகிவிடும். பைக்கில் மட்காட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மண் இறுகிச் சக்கரமே சுற்றாது. இதற்கு எந்த ஓட்டுத்திறமையும் உதவாது. அந்த ஊர்க்காரர்கள் வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவார்கள், நாமும் அதையே செய்யலாம்.

படி 4: காலும் கையும்

வேகம்தான் எல்லாவற்றுக்கும் மேல். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு காய்ந்த தாரில் சுமார் 20 மீட்டரில் நிற்கும், நனைந்த தாரில் 35 மீட்டர் ஆகும். அதே ஈரத்தில் 80இல் போனால் 63 மீட்டர். பிரேக்குக்குக் கால் போவதற்கு முன் கடந்துவிடும் தூரம் இதில் சேரவில்லை. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். நடுவில் ஒரு ஆட்டோ நுழைந்தால் நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள்.

வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பிறகு காலை எடுத்துவிட்டு வளையுங்கள், ஸ்டியரிங் நேரான பிறகு ஆக்ஸிலேட்டர். ஒரு நேரத்தில் ஒரு வேலை. பைக்கிலும் இதேதான், சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கைத் தொடாதீர்கள், நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக இறுக்குங்கள். கிளட்ச்சைப் படக்கென்று விடுவதும், அதிக வேகத்தில் திடீரென்று கீழ் கியருக்குத் தட்டுவதும் இழுக்கும் சக்கரத்தை, அதாவது இன்ஜின் சுழற்றுகிற சக்கரத்தை, ஒரு கணம் சுற்றவிடாமல் பூட்டிவிடும். சமதளத்தில் நின்ற இடத்தில் சக்கரம் சுற்றினால் இரண்டாம் கியரில் எடுத்துப் பாருங்கள், சக்கரத்துக்குப் போகும் விசை குறைவதால் பிடித்துக்கொள்ளும்.

ஏபிஎஸ் உள்ள காரில் அவசரம் என்றால் பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தி அப்படியே வைத்திருங்கள். மிதி கடகடவென்று காலை உதைக்கும், அதற்குப் பயந்து காலை எடுக்கிறவர்கள்தான் அதிகம். அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வதால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், ஆனால் அது இல்லாத பிடியை உண்டாக்கித் தராது. தளர்ந்த சரளையில் நிற்கும் தூரம் கூடவே செய்யலாம்.

படி 5: மலைப்பாதை

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளோ, ஊட்டி–மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 வளைவுகளோ, மழையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் சிக்கல். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், செங்குத்தான இடத்தில் இரண்டாம் கியர். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும், நியூட்ரலில் விட்டால் அதைவிடச் சீக்கிரம். ஏறும்போது எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரம் இழுக்கும் கார்களில் வளைவின் உள்பக்கச் சக்கரம் லேசாகிச் சும்மா சுற்றும். எதிரே வண்டி இல்லையென்று உறுதியாகத் தெரிந்தால் உங்கள் பாதிக்குள்ளேயே கொஞ்சம் அகலமாக எடுங்கள், உள்ஓரம்தான் அதிகச் செங்குத்து. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மரியாதை மட்டுமில்லை, சட்டமும் அதுதான். ஈரமான ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

படி 6: வழுக்க ஆரம்பித்துவிட்டது, இப்போது?

ஸ்டியரிங் திடீரென்று லேசாகி, இன்ஜின் சத்தம் மட்டும் கூடினால் வண்டி தண்ணீரில் மிதக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ஓரிரு நொடியில் டயர் தரையைத் தொட்டுவிடும். வளைவில் முன்பக்கம் திரும்பாமல் நேரே போனால் இன்னும் திருப்பாதீர்கள், காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் பிடி திரும்பும். பின்பக்கம் வெளியே போனால் நீங்கள் போக வேண்டிய திசையைப் பார்த்து அங்கே திருப்புங்கள், பிரேக் வேண்டவே வேண்டாம். மழையில் க்ரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) போட்டு ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

படி 7: சேற்றில் மாட்டிக்கொண்டால்

முதல் வேலை, ஆக்ஸிலேட்டரை மிதிப்பதை நிறுத்துவது. சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். சாதாரண காரில், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இருக்கிற விதத்தில், ஒரு பக்கச் சக்கரத்துக்குப் பிடி இல்லையென்றால் அந்தச் சக்கரம்தான் வீணாகச் சுற்றும், நல்ல தரையில் இருக்கிற மற்றது அசையாது. எனவே சுற்றுகிற சக்கரத்துக்குப் பிடி கொடுப்பதே நம் நோக்கம்.

எல்லோரையும் இறக்குங்கள், ஸ்டியரிங்கை நேராக்குங்கள். சக்கரத்தின் முன்னும் பின்னும் இருக்கும் சேற்றைக் கையாலோ கட்டையாலோ வாரிவிட்டு, சாக்கு, தென்னை மட்டை, செங்கல் துண்டு, எதுவும் இல்லையென்றால் காரின் கால்மிதியையே இழுக்கும் சக்கரத்தின் கீழ் திணியுங்கள். வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் பெரும்பாலும் சுலபம், அது ஏற்கனவே அமுங்கிய பாதை. டிராக்‌ஷன் கன்ட்ரோல் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். மற்ற நேரத்தில் நல்ல துணைதான், ஆனால் சேற்றில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் இன்ஜினை அடக்கி வண்டியை அசையவிடாது. இப்போது மிக மெதுவாகக் கிளட்ச். வண்டி கொஞ்சம் நகர்ந்து நின்றால் ரிவர்ஸ், முதல் கியர், ரிவர்ஸ் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். அந்த நேரத்தில் சக்கரத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, செங்கல் துண்டு பறந்து வரும்.

அதற்கும் வரவில்லையென்றால் இழுக்கும் சக்கரங்களில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், கடற்கரை மணலுக்கும் இதே வழிதான். டயர் தட்டையாகித் தரையைத் தொடும் பரப்பு கூடும். டிக்கியில் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று இருந்தால் இதைத் தைரியமாகச் செய்யலாம். இல்லையென்றால் காற்றடிக்கும் கடை வரை இருபது, முப்பதில் உருட்ட வேண்டியிருக்கும்.

டிராக்டர் கிடைத்தால் கயிற்றை பம்பரில் கட்டாதீர்கள். டூல் பையில் திருகி மாட்டும் கொக்கி ஒன்று இருக்கும், பம்பரில் சின்ன மூடியைத் திறந்தால் அதற்கான துளை தெரியும். முழுக்கத் திருகி இறுக்கிவிட்டு, கயிறு விறைக்கும்போது எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை லேசாக பிரேக் பிடித்துக் காயவிடுங்கள், காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். மறுநாள் 60, 70இல் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினால் உடனே அலைன்மென்ட் கடைக்கு ஓட வேண்டாம். ரிம்மின் உள்பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும், ஹோஸ் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.