மருந்து எதை நிறுத்தியது? நினைவு ஆய்வில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒரு வரைபடத்தைக் காட்டினார். எலி மூளையின் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியிலிருந்து வெட்டிய துண்டில், ஒரு நொதியைத் தடுக்கும் மருந்தை விட்டிருக்கிறார். எல்.டி.பி., அதாவது நரம்பு இணைப்பு நீண்ட நேரம் வலுவாகும் மாற்றம், வரவில்லை. "அப்போ இந்த நொதிதான் நினைவைக் காப்பாத்துது, இல்ல சார்?" என்று கேட்டார். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன், எட்டு மாத உழைப்பு அதில் போனது. லேபிள் ஒட்டாமல் விடுவது போன்றவை கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். ஒரு சோதனையிலிருந்து இப்படித் தவறான முடிவுக்குத் தாவுவது அப்படித் தானாகச் சரியாகாது.

மருந்தை எப்போது விட்டீர்கள்?

நரம்புப் பாதையை ஒருமுறை வேகமாகத் தூண்டினால் அந்த இணைப்பு மணிக்கணக்கில் வலுவாக நிற்கும். அதுதான் எல்.டி.பி. 1973இல் டிம் பிளிஸ்ஸும் டெர்யே லோமோவும் முயல்களில் இதை விவரித்தார்கள். ஹிப்போகாம்பஸின் சி.ஏ.1 பகுதியில் இது நடக்கும் விதம் நன்றாகவே தெரியும். இணைப்பில் சமிக்ஞை வாங்கும் புரதங்களில் ஒன்றான என்.எம்.டி.ஏ. ஏற்பியின் வாசலை மெக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். சமிக்ஞை கடத்தும் வேதிப்பொருளான குளுட்டமேட்டும் வந்து, செல்லின் மின்னழுத்தமும் ஏறினால்தான் அது விலகும். உள்ளே வரும் கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கேம்கைனேஸ்-2 என்ற நொதியை எழுப்பும். பிறகு இணைப்பில் குளுட்டமேட்டை வாங்கும் இன்னொரு வகையான ஆம்பா ஏற்பிகள் கூடும்.

கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. எழுந்த நொதியின் அலகுகள், 286ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். அதனால் கால்சியம் வடிந்த பிறகும் நொதி ஓரளவு வேலை செய்துகொண்டே இருக்கும்.

நான் பயன்படுத்தியது கேம்கைனேஸ்-2ஐத் தடுக்கும் கே.என்-93 என்ற மருந்து. தூண்டுவதற்கு அரை மணி முன்பிருந்து கடைசி வரை விட்டேன். எல்.டி.பி. வரவில்லை. "எல்.டி.பி.யை நிலைநிறுத்துவது கேம்கைனேஸ்-2" என்று எழுதினேன். ஒரு மூத்தவர் படித்துவிட்டு, "தூண்டினதுக்கு அப்புறம் விட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். விட்டேன், எதுவும் குறையவில்லை. உடனே, நிலைநிறுத்த அந்த நொதி தேவையே இல்லை என்று எழுதினேன். அதுவும் தவறுதான். கே.என்-93 கால்மாடுலின் நொதியை எழுப்புவதைத்தான் தடுக்கும், பாஸ்பேட் ஒட்டி எழுந்துவிட்ட நொதியை அதனால் தொட முடியாது. ஆக, எல்.டி.பி. தொடங்குவதைப் பற்றி மட்டுமே என் சோதனை ஏதோ சொன்னது.

அந்தச் சிறிய முடிவையும் முழுதாக நம்ப முடியவில்லை. கே.என்-93 கால்சியம், பொட்டாசியம் வாயில்களையும் பாதிக்கும். கேம்கைனேஸ்-2ஐத் தடுக்காத கே.என்-92ஐ ஒப்பீட்டுக்கு ஓட்டியிருக்க வேண்டும். நான் மருந்தைக் கரைக்கும் திரவமான டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் ஓட்டினேன். இன்றைக்கும் அப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மரபணுவை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். 1998இல் அந்தத் திரியோனினை, பாஸ்பேட் ஒட்ட முடியாத அலனினாக மாற்றிய எலிகளில் சி.ஏ.1 எல்.டி.பி. வரவில்லை, இடம் கற்கவும் அவை திணறின. ஆனால் அவை அந்த மாற்றத்தோடே பிறந்தவை. தொடங்கவே செய்யாத ஒன்றை வைத்து நிலைநிறுத்தலைப் பற்றி எப்படிப் பேசுவது? 2023இல் வந்த ஆய்வு இன்னொரு முடிச்சையும் போட்டது. நொதியின் வினையை, அதாவது பாஸ்பேட் ஒட்டும் வேலையை, மட்டும் தடுத்தபோது எல்.டி.பி. வந்தது. தொடங்குவதற்குத் தேவைப்பட்டது, அந்த நொதி என்.எம்.டி.ஏ. ஏற்பியின் ஜி.எல்.யு.என்.2பி அலகோடு போய் ஒட்டிக்கொள்வதுதான். அதனால் உங்கள் மருந்து நொதியின் வினையைத் தடுக்கிறதா, அது ஏற்பியோடு ஒட்டுவதையா என்றும் பாருங்கள்.

ஒரு மருந்தின் பேச்சை மட்டும் நம்புவது

2006இல், பி.கே.எம்-ஜீட்டா என்ற நொதியைத் தடுப்பதாகக் கருதப்பட்ட ஜிப் என்ற பெப்டைடை (சிறு புரதத் துண்டை) எலிகளின் ஹிப்போகாம்பஸில் செலுத்தினார்கள், ஒரு நாள் முன்பு கற்றது மறைந்தது. அந்த நொதிதான் நினைவைத் தாங்குகிறது என்று பேச்சு பரவியது. 2013இல் இரண்டு குழுக்கள் அந்த நொதியின் மரபணுவையே நீக்கின. எலிகளின் நினைவு நன்றாக இருந்தது. அதைவிட முக்கியம், தடுக்க வேண்டிய புரதமே இல்லாத அந்த எலிகளிலும் ஜிப் வேலை செய்தது. பிறகு 2016இல், அந்த எலிகளில் உறவுக்கார நொதி ஒன்று அந்த இடத்தை நிரப்புகிறது என்று காட்டினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

அனைசோமைசின்

இந்த மருந்து புரத உற்பத்தியை நிறுத்துவதோடு, செல் நெருக்கடியில் எழும் கைனேஸ்களையும் (பாஸ்பேட் ஒட்டும் நொதிகளையும்) முடுக்கிவிடும். வேறொரு தடுப்பானும் அதே முடிவைத் தரட்டும்.

ஒரே எலி, ஆறு துண்டுகள்

ஆறு எலிகள் என்று எண்ணாதீர்கள்.

ஏறிக்கொண்டிருக்கும் பேஸ்லைன்

தூண்டுவதற்கு முன் பதிவாகும் அளவுதான் பேஸ்லைன். அது இருபது நிமிடம் அசையாமல் நிற்காத துண்டைத் தூக்கிப் போடுங்கள்.

மாணவியிடம் கே.என்-92ஐயும், எழுந்துவிட்ட நொதியையும் தடுக்கக்கூடிய டேட்-சி.என்.21 என்ற பெப்டைடையும் வாங்கச் சொன்னேன். டேட்-சி.என்.21 நொதி ஏற்பியோடு ஒட்டுவதையும் கலைக்கும் என்பதால், எந்த அளவில் எது நடக்கிறது என்று முதலில் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். தூண்டிய ஒரு மணி நேரம் கழித்து அதை விடப்போகிறார்.