போரில் காயமடைந்தோரைப் பராமரிக்கும் தாதியர் குழு: பொறுப்பாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஒருவர் முதனிலைச் சிகிச்சைக்காகச் சராசரியாக 30 நிமிடங்களுக்கு மேல் வாகனத்தில் போகவேண்டியிருந்தாலோ, 20 நாட்களுக்கு மேல் காத்திருக்கவேண்டியிருந்தாலோ, தமக்குரிய அரச வைத்தியசாலைக்கு வெளியே உள்ள மருத்துவரிடம் அரச செலவிலேயே சிகிச்சை பெறலாம் என்று 2018ஆம் ஆண்டின் மிஷன் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. உள்ளும் வெளியுமாகிய இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் நோயாளர் தவறிப்போகாமல் பார்ப்பதற்கென்றே அங்கு தாதியர் குழுக்கள் இயங்குகின்றன. இலங்கையில் அரச படையினருக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் 1999இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட ரணவிரு சேவா அதிகாரசபை உண்டு. வடக்கில் போராளியாக இருந்து காயமடைந்தவருக்கோ, செல்லடியில் அகப்பட்ட பொதுமகனுக்கோ அப்படியொரு தனி வாசல் கிடையாது. அவர் மற்றெல்லா நோயாளரையும் போலவே வைத்தியசாலைக் கிளினிக்கிலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவிலும், செயற்கை அவயவ நிலையத்திலும், ஏதாவதொரு தொண்டு நிறுவனத்திலும் தனித்தனியாகப் போய் நிற்கிறார். இவற்றை இணைக்கும் வேலை, கடமைப் பட்டியலில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டுக்குப் போகும் தாதியின் தலையிலேயே விழுகிறது. அத்தகைய குழுவொன்றை யாழ்ப்பாணத்தில் நடத்துபவர்கள், அரச பணியிலிருப்பவர்களாயினும் தொண்டு நிறுவனத்தவர்களாயினும், வழக்கமாக எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

கடிதம் கொடுத்ததோடு கணக்கை முடிப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுவே பெரியது என்பது என் எண்ணம். வடமராட்சியில், முள்ளந்தண்டுக் காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருக்கும்போது உடற்பாரம் தாங்கும் எலும்பின் மேல் அவருக்குச் சிறியதொரு புண் வந்திருக்கிறது. தாதி அதைப் பார்த்து, அளந்து, மருந்து கட்டி, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தாயின் கையில் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று குறிக்கிறார். தாய் அந்தக் கடிதத்தை எக்ஸ்ரே படங்களோடு ஒரு ஷொப்பிங் பையில் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கிறார். சக்கர நாற்காலியோடு பேருந்தில் ஏற முடியாது. ஓட்டோவுக்குக் காசு புரட்டுவதற்குள் அந்தக் கிழமைக் கிளினிக் நாள் போய்விடுகிறது. அடுத்த கிழமை விடியப் புறப்பட்டுப் போகிறார்கள். அன்றைக்கு வைத்திய நிபுணர் விடுமுறை. மூன்று கிழமை தள்ளித் திகதி கொடுக்கிறார்கள். காலையிலிருந்து மதியம் வரை நாற்காலியிலேயே இருந்ததில் புண் இன்னும் ஆழமாகிறது. இவ்வளவும் நடந்தது தாதிக்குத் தெரியாது, பொறுப்பாளருக்கும் தெரியாது. இருவருடைய மாத அறிக்கையிலும் இது செய்து முடித்த வேலை.

இதற்காகத் தாதியைக் கூப்பிட்டுக் கண்டிப்பதில் பயனில்லை, ஏனெனில் பதிவேடு கேட்டதை அவர் நிரப்பியிருக்கிறார். பதிவேட்டை வகுத்தவர் பொறுப்பாளர். அனுப்பிய திகதி, கிளினிக்கில் கிடைத்த திகதி, நோயாளர் போனாரா இல்லையா, அங்கே என்ன சொன்னார்கள், சொன்னது வீட்டில் நடக்கிறதா என்று ஐந்து நிரல்கள் வேண்டும். கடைசி நிரல் நிரம்பும் வரை அந்த நோயாளர் குழுவின் கையிலேயே இருக்கிறார் என்பதுதான் விதி. கிழமைக்கு ஒருமுறை, எல்லோரையும் பற்றிப் பேசாமல், நிரம்பாத வரிகளை மட்டும் வாசித்துப் பார்த்தால் கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடியும். கடிதம் எழுதும் அன்றே கிளினிக் தாதிய சகோதரிக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்தால், வைத்தியர் இருக்கும் நாளும், கூட்டம் குறைந்த நேரமும், கட்டிலில் படுக்கவைத்துக் காத்திருக்க இடமுண்டா என்பதும் முன்னரே தெரிந்துவிடும். சிறுநீர்ப்பைக் கிளினிக்கையும் இயன் மருத்துவரையும் (பிசியோதெரபிஸ்ட்) ஒரே நாளில் அமைத்துக்கொண்டால் ஓட்டோக் கூலி ஒருமுறையோடு போய்விடும். போக்குவரத்தைக் குடும்பத்தின் பாடு என்று விட்டுவிடும் குழு, சிகிச்சையையும் அவர்கள் பாட்டுக்கே விட்டுவிடுகிறது.

மறுதிசையிலும் இதே ஓட்டை இருக்கிறது. விடுதியில் துண்டு வெட்டி, அதாவது நோயாளரை விடுவித்து, வீட்டுக்கு அனுப்பிய செய்தி, பெரும்பாலும் அடுத்த வழக்கமான வருகையின்போதுதான் குழுவுக்குக் கிடைக்கிறது. அதற்குள் புதிய மருந்தும் பழைய மருந்தும் ஒன்றாகவே விழுங்கப்பட்டிருக்கும். விடுதிப் பொறுப்புத் தாதியரோடு பேசி, துண்டு வெட்டும் நாளன்றே அழைப்பு வரும்படி ஓர் ஒழுங்கைச் செய்துகொள்வதும், அழைப்பு வந்து மூன்று நாட்களுக்குள் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கிளினிக் கொப்பியை வாசித்துக் குடும்பத்துக்குத் தமிழில் விளக்குவதும் பொறுப்பாளர் மட்டத்தில் செய்யப்பட வேண்டியவை. தனித் தாதி ஒருவரின் முகப்பழக்கத்தில் இது நடந்துகொண்டிருந்தால், அவர் மாறிப்போகும் அன்றே நின்றுவிடும்.

தலையிடியைத் தலையிடியாகவே பார்ப்பது

முள்ளந்தண்டில் ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு வரும் ‘ஒட்டோனொமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா’ (autonomic dysreflexia) என்ற அவசர நிலையை, பொது விடுதிகளில் நீண்டகாலம் வேலை செய்த தாதியர் கூட நேரில் கண்டிராதிருக்கலாம். காயத்துக்குக் கீழே ஏதோவொரு தூண்டல், உதாரணமாக அடைபட்ட சிறுநீர்க் குழாய், நிரம்பிய சிறுநீர்ப்பை, கட்டுப்பட்ட மலம், சதைக்குள் வளர்ந்த நகம், இறுக்கமான இடுப்புப் பட்டி, ஏற்பட்டதும் அங்குள்ள குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதியமுக்கம் விறுவிறுவென்று ஏறுகிறது. அதைத் தணிக்க மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போக முடிவதில்லை. நோயாளர் சொல்வது ‘தலை வெடிக்கிற மாதிரி இடிக்குது’ என்பது மட்டுமே. முகம் சிவக்கும், காயத்துக்கு மேலே வியர்க்கும், நாடி பெரும்பாலும் மெதுவாகும். கவனிக்காவிட்டால் மூளையில் குருதிக் கசிவு வரை போகும்.

இங்கே ஏமாற்றுவது அளவுமானி காட்டும் எண். இத்தகையவர்களின் வழமையான மேலமுக்கம் 90க்கும் 110க்கும் இடையில் இருப்பது சாதாரணம். ஆகவே 150 என்பது மற்றவர்களுக்குக் ‘கொஞ்சம் கூட’ என்று கடந்துபோகக்கூடிய எண்ணாக இருந்தாலும், இவருக்கு அது அபாய எண். வழமையான அளவு எதுவென்று கோப்பின் முதற் பக்கத்தில் எழுதப்பட்டிராவிட்டால், புதிதாக வந்த தாதி இதை அறிவதற்கு வழியேயில்லை. ஒவ்வொருவருக்கும் அதை எழுதிவைக்கச் செய்வது பொறுப்பாளரின் வேலை. உடனே செய்ய வேண்டியவையும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும்: நிமிர்த்தி இருத்துதல், கால்களைத் தொங்கவிடுதல், உடையையும் பட்டிகளையும் தளர்த்துதல், குழாய் மடிந்திருக்கிறதா பை நிரம்பியிருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தல், அடைத்திருந்தால் குழாயை மாற்றுதல், சில நிமிடங்களுக்கொருமுறை அமுக்கத்தை அளத்தல், இறங்காவிட்டால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்தல். பயிற்சி வகுப்பு எத்தனை வைத்தாலும், வீட்டிலேயே குழாயை மாற்றத் தாதிக்கு எழுத்தில் அதிகாரம் இல்லையென்றால் அவர் தயங்குவார்; தயங்குவது நியாயமும்கூட. பொறுப்பு வைத்தியரின் ஒப்பத்துடன் அந்த அறிவுறுத்தல் ஒவ்வொரு தாதியின் பையிலும் இருக்க வேண்டும். நோயாளரின் கையிலும் மும்மொழியில் ஒரு சிறிய அட்டை இருப்பது நல்லது, ஏனெனில் இரவில் அவசரப் பிரிவில் கடமையிலிருக்கும் இளம் வைத்தியர் முதல்முறையாக இப்படியொருவரைப் பார்ப்பவராகவும், தமிழ் தெரியாதவராகவும் இருக்கலாம்.

உணர்வற்ற உடலில் வலி காவலாக நிற்பதில்லை என்பதால், காய்ச்சல் ஒன்றே சிறுநீர்த் தொற்றுக்கும், ஆழ்ந்த படுக்கைப் புண்ணுக்கும், தெரியாமல் முறிந்த எலும்புக்கும் பொது அறிகுறியாகிவிடுகிறது. காய்ச்சலுக்குப் பனடோலோடு திரும்பிவரும் பழக்கத்தைக் குழுவில் வளரவிடக் கூடாது. சாரத்தை விலக்கி முதுகையும் பிட்டத்தையும் குதிக்காலையும் பார்க்காத வருகையை வருகையாகவே கணக்கெடுக்கக் கூடாது.

தேவையில்லாததைக் கேட்பதும் தேவையானதைக் கேளாமல் விடுவதும்

எப்படிக் காயப்பட்டீர்கள், எங்கே, யாரோடு இருந்தீர்கள் என்ற கேள்விகளைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். அனுதாபத்தோடுதான் கேட்கிறார்கள், ஆனால் இந்த மண்ணில் அந்தக் கேள்விகளை வேறு ஆட்களும் வேறு நோக்கங்களோடு கேட்டிருக்கிறார்கள் என்பதைக் குழு மறந்துவிடக் கூடாது. எந்த அமைப்பில் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பது படுக்கைப் புண்ணை ஆற்றுவதற்கு ஒருபோதும் உதவாது. ஆகவே அது படிவத்தில் இருக்கவும் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாகக் கொள்கிறது. அதற்குப் பிறகும், நோயாளரின் பெயரும் புண்ணின் படமும் குழுவின் வட்ஸ்அப்பில் கிடப்பது பல இடங்களில் வழக்கமாகவே தொடர்கிறது. கோப்பிலக்கம் போதும்; படம் எடுப்பதானால் சம்மதம் கேட்க வேண்டும், முகம் வரக் கூடாது, பார்த்ததும் அழிக்க வேண்டும்.

அதேவேளை, கேட்டேயாக வேண்டிய சிலவற்றைக் கூச்சத்தால் விட்டுவிடுகிறோம். உடம்பில் ‘பீஸ்’ (செல், குண்டுச் சிதறல்) இருக்கிறதா, எந்த இடத்தில், கண்ணிலோ மூளையிலோ முள்ளந்தண்டிலோ அருகிலா என்பது எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குக் கடிதம் எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டும். காந்தத்துக்கு இழுபடும் இரும்பு உள்ளே அசைந்தால் விளைவு பாரதூரமானது. குண்டு வெடிப்புக்கு அண்மையில் இருந்தவருக்குக் செவிப்புலக் குறைபாடும், பழைய தலைக்காயத்தின் மறதியும் எரிச்சலும் இருக்கக்கூடும். அதைச் ‘சொல்வழி கேளாதவர்’ என்று எழுதிவிட்டு வருகிறோம். இல்லாத காலில் எரிவு வருகிறது என்று சொல்பவரைப் பற்றியும் அவ்வாறே. அது நரம்பிலிருந்து வரும் உண்மையான வலி, அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. தூக்கம், மது, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றை நேரடியாகக் கேட்கத் தாதியருக்குப் பழக்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடும் என்பது ஆதாரமற்ற பயம்.

காயமடைந்த பெண்கள் குளியல், மாதவிடாய், சிறுநீர்க் குழாய் பற்றி ஆண் தாதியிடம் பேச மாட்டார்கள். கடமைப் பட்டியல் போடும்போது இதைப் பார்க்காமல் போட்டுவிட்டு, ‘ஒன்றும் முறைப்பாடு இல்லை’ என்ற பதிவைக் கண்டு திருப்திப்படுவது எளிது.

வருகையை எண்ணுவது

மாதம் இத்தனை வீடு என்று இலக்கு வைத்தால் குழு நல்லூரிலும் திருநெல்வேலியிலும் சுற்றிச்சுற்றி வரும்; குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய் இரண்டு வீடு பார்த்துத் திரும்பும் தாதி சோம்பேறியாகத் தெரிவார். புண்ணோடிருப்பவர்கள் எத்தனை பேர், அந்தப் புண்களில் எத்தனை சுருங்கின, சிறுநீர்த் தொற்றோடு விடுதியில் அனுமதிக்கப்பட்டவர் எத்தனை பேர் என்று எண்ணினால் வேலை தானாகவே சரியான வீட்டுக்குப் போகும். வாடைக் காற்று தொடங்குமுன் தீவகத்து வீடுகளில் குழாய், பை, கட்டுத்துணி ஆகியவற்றைச் சில கிழமைகளுக்குப் போதுமாக வைத்துவிட வேண்டும். கார்த்திகை மழையில் ஒழுங்கை நிறைய வெள்ளம் நிற்கும்போது முடிவெடுக்க முடியாது.

பராமரிப்பவரைப் பட்டியலில் சேர்க்காதது

2009இல் இருபது வயதில் காயப்பட்டவரை அன்று தூக்கிய தாய்க்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். இன்று அவர் அறுபதைத் தாண்டி, முழங்கால் வலியும் நீரிழிவும் உடையவர்; இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மகனைத் திருப்பிப் படுக்கவைப்பது இன்னும் அவரே. நோயாளரின் கோப்பில் அவருடைய நோய்களுக்கு ஓர் இடமில்லை. அவர் விழுந்தால் அடுத்த நாள் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாத வீடுகளைப் பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரோடு இப்போதே பேச வேண்டும், விழுந்த பிறகு அல்ல. தாயைத் தூக்க வைக்காமல் சறுக்குப் பலகையில் நகர்த்தப் பழக்குவது, மெத்தையை மாற்றுவது, கிணற்றடிக்கு ஒரு சரிவுப் பாதை போடுவது ஆகியவையும் தாதியப் பராமரிப்பே.

இடமாற்றத்துக்கு முந்திய கிழமையில் பொறுப்பை ஒப்படைப்பது

வருடாந்த இடமாற்றப் பட்டியல் வந்ததும் கோப்புகள் கட்டாகக் கைமாறுகின்றன. பல வருடங்களாக அந்த ஒழுங்கைகளில் போய்வந்தவருக்குத் தெரிந்த எதுவும் அந்தக் கட்டில் இல்லை. எந்த வீட்டில் தகப்பன் குடித்தால் மாலையில் போகக் கூடாது, எவர் கதவைத் திறக்காமல் ‘சுகம்’ என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிடுவார், எவர் குழாயைக் கழுவித் திரும்பப் பாவிக்கிறார் என்பவை தாளில் ஏறுவதில்லை. ஆகவே பட்டியல் வந்த நாளிலிருந்தே, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து வீடுகளுக்குப் போக நேரம் ஒதுக்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் முடியாதென்றால், ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுள்ளவர்களின் வீடுகள் முதலில், திறந்த புண் உள்ளவை அடுத்து, தனியே வாழ்பவர்களின் வீடுகள் அதன் பிறகு.