பழைய ஜீப்பில் செல்ஃப் எடுக்கவில்லையா? பார்ட்ஸ் மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பழைய மஹிந்திரா டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சத்தம் தெரியும். உடனே பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்குவார்கள். இரண்டு நாள் ஓடும். மறுபடியும் 'டக்' என்றதும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். கோளாறு கடைசியில் ஒரு எர்த் வயரின் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வயர்) போல்ட்டில் இருக்கும். இப்படி வீணாகும் பணத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்த வண்டிகளில் கண்டுபிடிப்பது சுலபம். கம்ப்யூட்டர் கிடையாது. பேட்டரி, சாவி, சொலினாய்டு (சாவி திருப்பினதும் மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கும் காந்த சுவிட்ச்), மோட்டார், நாலைந்து வயர், அவ்வளவுதான்.

சத்தத்தைக் கவனிக்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் முதல் தவறு. 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் சொலினாய்டு இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போனதும் வோல்டேஜ் சரிந்து விட்டுவிடுகிறது. பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கலாம், டெர்மினல் பூத்திருக்கலாம். ஒரே ஒரு பலமான 'டக்' என்றால் சொலினாய்டின் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், எர்த் மோசமாக இருக்கலாம். சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது: வண்டி சும்மா நிற்கும்போது டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, 'கரண்ட் வருது' என்று முடிவு கட்டுவது. லேம்ப் பல்பு இழுப்பது ஒன்றிரண்டு ஆம்பியர்தான். டீசல் இன்ஜினைச் சுற்ற மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலும் பல்பு நன்றாகவே எரியும். ஆனால் 250 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்திலேயே 5 வோல்ட் காணாமல் போய்விடும்.

அதனால் செல்ஃப் அடிக்கும்போதுதான் அளக்க வேண்டும். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இருந்தால் அதையும் இழுத்து வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருந்தால் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. அப்புறம் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முளையிலேயே வைத்து (கிளாம்பில் அல்ல), மறுமுனையை மோட்டாரின் தடித்த கேபிள் போல்ட்டில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. அதேபோல பேட்டரி நெகட்டிவ் முளைக்கும் மோட்டாரின் உடம்புக்கும் இடையில் 0.3 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள்: 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகும் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் உள்ளே காண்டாக்ட் போயிருக்கிறது. அதற்காக முழு மோட்டாரையும் மாற்றத் தேவையில்லை.

எர்த்தை யாரும் மதிப்பதில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்கும் அதற்கும் நல்ல இணைப்பு ஒரு பட்டை வயர்தான். சேறு, ஓடைத் தண்ணீர், அதிர்வு எல்லாம் சேர்ந்து அதைத்தான் முதலில் அரிக்கும். பெயின்ட் அடித்தவர்கள் அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியும் வைத்திருப்பார்கள். அது அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடித்ததும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடானால் சந்தேகமே வேண்டாம், எர்த்தான். உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து இறுக்குங்கள்.

போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும் என்பதால் தடித்த கேபிள் அவசியம். கடையில் கிடைத்த மெல்லிய 12 வோல்ட் கேபிளைப் போட்டால் செல்ஃப் சோம்பலாகத்தான் சுற்றும்.

கோளாறு தெரியாமல் விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். மோட்டார் ஆற ஒரு நிமிடமாவது விடுங்கள். 24 வோல்ட் லாரியிலிருந்து ஜம்பர் கேபிள் போடவே கூடாது. 'ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா பார்க்கலாம்' என்று ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு போய்விடலாம். மீட்டரில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று பார்த்தாலே போதும்.

ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்யும் வழக்கம் பழைய ஜீப்காரர்களிடம் நிறைய உண்டு. கியரில் இருந்தால் வண்டி அப்படியே முன்னால் பாயும், நீங்களோ சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருப்பீர்கள். வேறு வழியே இல்லாமல் செய்ய நேர்ந்தால், கியர் லீவரை நீங்களே கையால் ஆட்டிப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும்.