பிரதமரின் வாக்குறுதி: தோட்டப்புற வாக்காளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில், புதிய பிரதமர் பதவியேற்ற மறுவாரமே "சொன்னதைச் செய்வாரா?" என்ற பேச்சு தொடங்கிவிடும். கேட்பது நம் உரிமை. ஆனால் எதை யாரிடம் கேட்பது என்பதில் சறுக்கிவிடுகிறோம். தவணை முடியும்வரை மனு அங்குமிங்கும் அலைகிறது.

பெரிய தவறு, வீட்டுப் பிரச்சினையை மத்திய அரசு இயங்கும் புத்ராஜெயாவோடு நிறுத்திக்கொள்வது. கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணைப்படி நிலம் மாநில அதிகாரம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு வீடு கட்டப் பிரதமர் பணம் ஒதுக்கலாம். நிலம் தருவது மாநில முதல்வரான மந்திரி பெசாரும் மாநில ஆட்சிக்குழுவும்தான். தோட்டமோ கம்பெனியின் பெயரில் இருக்கிறது. அதை வீடமைப்புக்கோ தொழிற்சாலைக்கோ மாற்ற வேண்டுமானால், விவசாயம் என்ற நிலப் பிரிவைக் கட்டடம் அல்லது தொழில்துறை என்று மாற்ற மாநிலத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவு அதற்கானது. தொழிலாளர்களுக்கு நிலம் ஒதுக்கச் சொல்லி மாநிலத்தை நெருக்க வேண்டிய நேரம் அதுதான். அனுமதி கைக்குப் போனபின் கம்பெனியோடு பேச நம்மிடம் பிடி குறைவு. ஆகவே தோட்டம் கைமாறுகிறது என்று காதில் விழுந்ததுமே சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். மாவட்ட நில அலுவலகத்திலும் விசாரியுங்கள். தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, சம்பளம் ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. அவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்.

அடுத்தது, எல்லா வாக்குறுதிக்கும் நூறு நாள் கெடு வைப்பது. 2018 மே 9 தேர்தலுக்குப் பிறகு, ஜூன் 1 அன்றே 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) சுழியமானது. நிதியமைச்சரின் உத்தரவே அதற்குப் போதும். சட்டத்தையே நீக்க நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகச் செப்டம்பர் 1 முதல் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்தது. வாக்களிக்கும் வயதை 18 ஆக்குவதற்கு அரசியலமைப்பையே திருத்த வேண்டும். 222 பேரில் 148 பேர் ஆதரவு தேவை. அரசாங்கத்திடம் அத்தனை பேர் இல்லை. எதிர்க்கட்சியும் சேர்ந்து 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேற்றியது. நடப்புக்கு வந்ததோ 2021 டிசம்பர் 15. டோல் ஒழிப்பு இன்னும் சிக்கலானது. நிறுவனங்களுடன் ஒப்பந்தம் இருப்பதால், முறித்தால் இழப்பீடு தர வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று பிரச்சாரத்தின்போதே கேட்டிருக்க வேண்டும்.

கூட்டணி ஆட்சியில் ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுவதும் பலிக்காது. 2022 நவம்பர் 19 தேர்தலில் தனித்து ஆட்சியமைக்கத் தேவையான 112 இடங்கள் எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட ஆட்சியில், அந்த வாக்குறுதியை அமைச்சரவை ஏற்றதா, பட்ஜெட்டில் அதற்குத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மாதக் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரி 1 முதல் அமலில் உள்ளது. ஐந்துக்கும் குறைவான தொழிலாளர்களை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 1 முதல். அரசாங்கம் அதை அரசிதழில் வெளியிட்டுவிட்டது. உங்கள் சம்பளச் சீட்டில் அது இல்லாவிட்டால், பிரதமரைத் திட்டிப் பயனில்லை. சம்பளச் சீட்டுகளோடு தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வேண்டும். வெட்டும் செம்பனைக் குலைக் கணக்கில் கூலி வாங்குபவர்களும் இதில் அடக்கம்.

மனு எழுதும்போது ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை வையுங்கள். பள்ளி, வீடு, அடையாள அட்டை மூன்றையும் ஒன்றாக எழுதினால், ஒவ்வோர் அமைச்சும் மற்றதன் பக்கம் தள்ளிவிடும். சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அட்டை) விவகாரமானால், தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்த தேதி, விண்ணப்ப எண் இரண்டையும் குறிப்பிடுங்கள். உறுப்பினரின் சேவை மையத்தில் மனுவைக் கொடுக்கும்போது நகலில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்குங்கள். பதில் வராவிட்டால், அதையே மக்களவையில் கேள்வியாக எழுப்பும்படி உங்கள் உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். அவையில் அமைச்சர் சொல்லும் பதில், அவையின் அதிகாரபூர்வக் குறிப்பேடான ஹன்சார்ட்டில் பதிவாகும். அடுத்த மனுவில் தேதி போட்டு அதைக் காட்டலாம்.