குடிநீர்க் கிருமிச் சோதனை: குப்பி கறுக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் விட்டு, "150தான் காட்டுது, தண்ணி நல்ல தண்ணி" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கரைந்திருக்கும் உப்புகளைக் கணக்கிடத்தான். சாக்கடை கசிந்த குழாய்த் தண்ணீரிலும் அதே 150 காட்டலாம்.

கிருமிக்கு ஊர்ப்பக்கம் அதிகம் பயன்படுவது எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) குப்பி, உள்ளே மருந்து போட்டே வரும் சின்னக் குப்பி. 1982-இல் மஞ்சாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை. மலக்கழிவோடு வரும் பாக்டீரியாக்களில் பல ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும், அது குப்பியிலுள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து கறுத்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. எளிது என்பதாலேயே பலர் ஏனோதானோவென்று செய்துவிடுகிறார்கள்.

பாதித் தவறு தண்ணீர் பிடிக்கும்போதே நடந்துவிடுகிறது. குழாயில் மாட்டியிருக்கும் ரப்பர் டியூபைக் கழற்றாமல் பிடித்தால் நீங்கள் சோதிப்பது அந்த டியூபின் உள்பாசியைத்தான், தொட்டித் தண்ணீரை அல்ல. டியூபைக் கழற்றி, குழாய் வாயை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். மூடியைத் தரையில் வைக்காதீர்கள், உள்பக்கத்தை விரலால் தொடாதீர்கள், கோடு வரைக்கும்தான் நிரப்ப வேண்டும். முதலில் அலசிவிட்டுப் பிடிக்கலாம் என்று குப்பியைக் கழுவினால் உள்ளே இருக்கும் மருந்தும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம் குளோரின். வீட்டிலிருந்த பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், மத்தியானம் சாவகாசமாகக் குப்பியில் ஊற்றுவார்கள். வழியெல்லாம் பாட்டிலுக்குள் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், மோசமான தண்ணீருக்கும் முடிவு நல்லது என்றே வரும். குப்பியில் நேரடியாகப் பிடித்தால் மருந்திலுள்ள தயோசல்பேட் குளோரினை முறித்துவிடும். ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் அவர்களே தயோசல்பேட் போட்டுத் தரும் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

பார்க்கும் நேரத்திலும் அவசரம் கூடாது. நம் சமவெளி வெயிலுக்கு 24 மணி நேரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும்; ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அதே குப்பி சும்மா உட்கார்ந்திருக்கும், 48 மணி நேரம் வரை பாருங்கள், முடிந்தால் 35 டிகிரி வாக்கில் வைத்து. அதற்காக ஜன்னலோரத்தில் ஒரு வாரம் மறந்துவிட்டு, கறுத்ததைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். ஊற்றின சில நிமிடத்திலேயே கறுத்தால் அது கிருமி அல்ல. போர் தண்ணீரில் ஏற்கெனவே சல்ஃபைடு இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இந்தக் குப்பி உதவாது.

கறுக்காவிட்டால்? குடிக்கலாம் என்று சான்றிதழ் எழுதிவிடாதீர்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இன்படி 100 மில்லியில் மலக்கழிவைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது, உங்கள் குப்பி பிடிப்பது 20 மில்லி என்றால் குறைந்த அளவு மாசு தப்பிவிடும். வைரஸை இது காட்டவே காட்டாது. ஈ.கோலையே சாதாரணமாக இந்த வாயுவை உண்டாக்காது, கூட வரும் மற்றவைதான் கறுக்க வைக்கின்றன. அதனால் மழை பெய்த பிறகும், குழாய் உடைந்து சரிசெய்த பிறகும் மறுபடி சோதியுங்கள், தொட்டியில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று.

கறுத்த குப்பியை அப்படியே சிங்க்கில் கவிழ்க்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்காது. உள்ளே கிருமி பெருகிக் கிடக்கிறது. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கழிவறையில் கொட்டுங்கள்.