நடிகராகத் தொழில் தொடங்குவதும் அதில் நிலைப்பதும்: ஒரு வழிகாட்டி

நடிப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தத் தொழிலில் நாள்கள் எப்படிக் கழிகின்றன என்பதைத்தான். கேமரா முன்பாகவோ மேடையிலோ நிற்கும் நாள்கள் குறைவு. பாத்திரம் தேடுவது, அதற்காகத் தயாராவது, ஆடிஷன் கொடுப்பது, பதிலுக்குக் காத்திருப்பது ஆகியவற்றில் செல்லும் நாள்களே மிகுதி. ஆகவே, ஆடிஷனைத் தொழிலுக்குள் நுழையும் வாசலாக மட்டும் பார்க்காமல், அதையே தொழிலின் அன்றாட வேலையாக ஏற்றுக்கொள்கிறவரால்தான் இத்துறையில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்க முடியும் என்பது என் கருத்து. கீழே சொல்லப்படுபவை எல்லாம் அந்தக் கோணத்தில்தான் அமைந்துள்ளன.

இதிலிருந்தே ஒரு நடைமுறை முடிவும் பிறக்கிறது. வருமானம் ஒழுங்காக வராத தொழிலில் இறங்குகிறவருக்கு, திடீரென்று அழைப்பு வந்தால் அரை நாள் விடுப்பு எடுக்க இடம் தரும் வேறொரு வேலை தேவை. அதைத் தோல்வியின் அடையாளமாக நினைக்க வேண்டியதில்லை. கையில் பணமில்லாத நெருக்கடியோடு ஆடிஷனுக்குப் போகிறவரின் பதற்றம் எதிரே அமர்ந்திருப்பவருக்கு எளிதில் தெரிந்துவிடும்.

பயிற்சி

நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்விகம் என்று நான்காகப் பிரிக்கிறது. உடல், குரல், உடையும் ஒப்பனையும், உள்ளத்திலிருந்து எழுந்து உடலில் தெரியும் உணர்வு என்று அவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நான்காவதை மட்டுமே நடிப்பு என்று எண்ணி, அழுவதையும் ஆவேசப்படுவதையும் கண்ணாடி முன் பழகுகிறார்கள். முதல் இரண்டும் பழகாத உடலில் நான்காவது தங்குவதில்லை. மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பேசுவது, தெளிவான உச்சரிப்பு, தேவையற்ற அசைவில்லாமல் நிற்கும் பழக்கம் ஆகிய மூன்றையும் எந்தப் பள்ளியிலும் சேராமலே இன்றே தொடங்கலாம். நாள்தோறும் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்பவருக்கு, தம் குரல் எந்த இடத்தில் தேய்கிறது, எந்தச் சொல்லை விழுங்குகிறது என்பது சில வாரங்களிலேயே புரிந்துவிடும்.

முறையான பயிற்சிக்குச் செல்கிறவர் காதில் சில பெயர்கள் அடிக்கடி விழும். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கை இணைந்து நிறுவிய ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, பாத்திரம் இருக்கும் சூழல் என்ன, அதற்கு இந்தக் காட்சியில் என்ன வேண்டும் என்ற கேள்விகளை நடிப்பின் அடித்தளமாக்கினார். அவரது வழியைப் பின்பற்றிய அமெரிக்க ஆசிரியர்கள் பின்னர் வெவ்வேறு திசைகளில் பிரிந்தனர். லீ ஸ்ட்ராஸ்பெர்க் நடிகரின் சொந்த நினைவுகளிலிருந்து உணர்ச்சியை எழுப்புவதை வலியுறுத்தினார். ஸ்டெல்லா ஆட்லர் கற்பனைக்கும் நாடகம் தரும் சூழலுக்குமே முதலிடம் கொடுத்தார். சான்ஃபோர்ட் மைஸ்னர் எதிரே இருப்பவரைக் கவனித்து அவருக்கு உடனே எதிர்வினை காட்டும் பயிற்சியை வகுத்தார். இவற்றில் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் தொடக்கநிலையினர் நேரம் செலவிட வேண்டாம். எனினும், சொந்த வாழ்க்கையின் துயரங்களைக் கிளறி நடிக்கும் முறையை அனுபவமுள்ள ஆசிரியர் துணையின்றித் தனியே முயல்வது நல்லதன்று. எனக்குத் தெரிந்தவரையில் புதியவருக்கு விரைவில் பலன் தருவது கவனித்துக் கேட்கும் பயிற்சிதான், ஏனெனில் பெரும்பாலான புதியவர்கள் எதிராளி பேசும்போது தம் அடுத்த வசனத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைவிட, அங்கே ஒரு மாணவர் வாரத்துக்கு எத்தனை முறை எழுந்து நின்று நடிக்கிறார் என்பதைக் கேளுங்கள். ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில் பணம் கட்டத் தயங்குவது சரியே. பள்ளிக்கு வசதியில்லாதவர் நாடகக் குழு ஒன்றில் சேரலாம். திரை வேலையில் காட்சிகள் துண்டு துண்டாக, பெரும்பாலும் வரிசை மாறி எடுக்கப்படும். ஒரு பாத்திரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் சுமக்கும் அனுபவத்தை மேடைதான் தரும்.

ஒரு காட்சியைக் கையில் எடுப்பது

ஆடிஷனுக்குத் தரப்படும் பக்கங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். அவற்றை மனப்பாடம் செய்வதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலையை ஒரு சிறிய எடுத்துக்காட்டால் காட்டலாம். அண்ணன், தம்பி இருவருக்கும் இடையே இப்படி ஓர் உரையாடல் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

“சாவி எங்கே?”

“மேசை மேலதான் இருக்கு.”

“இல்லையே.”

“சரியாப் பாருண்ணே.”

வசனத்தில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் தம்பியாக நடிக்கிறவர், அண்ணன் இன்றிரவு வெளியே போகக் கூடாது என்று தாமே சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தால், “சரியாப் பாருண்ணே” என்ற சொற்கள் நேரத்தைக் கடத்தும் செயலாக மாறிவிடும். அது கார்ச் சாவி, அண்ணன் அந்தக் காரில் விபத்துக்குள்ளானவர் என்று முந்தைய பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தால், அதே சொற்கள் கெஞ்சலாக மாறும். சாவி உண்மையிலேயே மேசை மேல் இருந்து, தம்பி வேறு வேலையில் மூழ்கியிருந்தால், அது வெறும் எரிச்சல். எந்த முடிவை எடுக்கிறீர்கள் என்பதற்கான ஆதாரம் எழுத்தில் இருக்க வேண்டும். எடுத்த முடிவை ‘சோகமாக’, ‘கோபமாக’ என்று குறித்துக்கொள்ளாமல் ‘தடுக்கிறான்’, ‘கெஞ்சுகிறான்’, ‘விரட்டுகிறான்’ என்று வினைச்சொல்லாகப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைப்பது பெரிதும் உதவும். சோகத்தை நினைத்தவுடன் வரவழைக்க முடியாது. தடுப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

மனப்பாடம் செய்யும்போது ஏற்ற இறக்கத்தோடு செய்யாதீர்கள். உணர்ச்சியில்லாமல், ஒரே சீராக, பாத்திரம் கழுவிக்கொண்டோ நடந்துகொண்டோ சொல்லிப் பழகினால், இயக்குநர் வேறுவிதமாகச் செய்யச் சொல்லும்போது வசனம் பழைய ராகத்தில் ஒட்டிக்கொண்டிருக்காது.

புகைப்படமும் செல்ஃப் டேப்பும்

முகப்படம் உங்களைப் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கான முதன்மையான விதி. தோல் வழவழப்பாக்கப்பட்ட, பத்து வயது குறைத்த படத்தைப் பார்த்து அழைத்தவர், நேரில் வேறொருவர் வந்து நிற்பதைக் கண்டால் இருவரின் நேரமும் வீணாகிறது. முடி வெட்டு, தாடி, எடை ஆகியவை கண்ணில் படும்படி மாறினால் படத்தையும் மாற்றுங்கள். தொடக்கத்தில் எளிய உடையில், இயல்பான வெளிச்சத்தில், தோளுக்கு மேல் ஒன்றும் முழு உருவமாக ஒன்றும் இருந்தால் போதுமானது. பல உடைகளில் எடுக்கும் பெரிய போர்ட்ஃபோலியோவுக்கு முதல் ஆண்டில் பணம் செலவிடுவதைவிட அதே பணத்தை வகுப்புக்குக் கொடுப்பது பயனுள்ளது.

இன்று முதல் சுற்றுத் தேர்வு பெரும்பாலும் நடிகர் தாமே எடுத்து அனுப்பும் செல்ஃப் டேப் வழியாகவே நடக்கிறது. கைப்பேசியே இதற்குப் போதும். ஆனால் அதைக் கையில் பிடிக்காமல், கண் மட்டத்தில் ஒரு ஸ்டாண்டில் கிடைமட்டமாக நிறுத்த வேண்டும். பின்னால் சாம்பல், வெளிர் நீலம் போன்ற வெற்றுச் சுவரோ துணியோ இருக்கட்டும். வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வர வேண்டும். சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் முகம் இருண்டுவிடும். சட்டகம் மார்பளவில் இருப்பது வழக்கம். எதிர்ப்பாத்திர வசனத்தைப் படிப்பவர் கேமராவுக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் நின்று, உங்கள் குரலைவிடத் தாழ்ந்த குரலில் படிக்க வேண்டும். அவரைப் பார்த்து நீங்கள் பேசினால் இரு கண்களும் பார்ப்பவருக்குத் தெரியும். லென்ஸை நேராகப் பார்த்துப் பேசுவது, அப்படிக் கேட்கப்பட்டிருந்தால் ஒழிய, வேண்டாம். குறிப்பில் கேட்டபடி பெயர், உயரம், வசிக்கும் ஊர் ஆகியவற்றைத் தனியாகச் சொல்லிப் பதிவு செய்து, கோப்புக்கு அவர்கள் சொன்ன முறையிலேயே பெயரிட்டு, கெடுவுக்கு முன்பாக அனுப்புங்கள். இசையோ, எடிட்டிங் வேலைப்பாடோ சேர்க்க வேண்டியதில்லை. ஒரே காட்சியை நள்ளிரவு வரை திரும்பத் திரும்ப எடுப்பவர்களின் முகத்தில் களைப்புதான் மிச்சமிருக்கும். நான்கைந்து டேக்குகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்திக்கொள்வது நல்லது.

நீங்கள் நடித்த காட்சிகளின் தொகுப்பான ஷோரீல் இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் காட்சியிலேயே உங்கள் முகமும் குரலும் வந்துவிட வேண்டும். காட்ட ஒன்றுமே இல்லாதவர்கள் திரைப்படக் கல்லூரி மாணவர்களின் குறும்படங்களில் நடித்து, ஊதியத்துக்குப் பதிலாகக் காட்சிப் பிரதியைக் கேட்டுப் பெறலாம். படப்பிடிப்புக்கு முன்பே அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது பிற்கால மனக்கசப்பைத் தவிர்க்கும்.

ஆடிஷன் அறை

அறைக்குள் இருப்பவர்கள் உங்களை நிராகரிக்கக் காத்திருப்பதில்லை. பாத்திரங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் டைரக்டருக்கு அந்த வேலை முடிய வேண்டும். அடுத்து உள்ளே வருகிறவரே சரியானவராக இருந்துவிட்டால் அவருக்கு நிம்மதிதான். வசனம் மனப்பாடமாக இருந்தாலும் பக்கங்களைக் கையில் வைத்திருப்பதில் தவறில்லை. நடுவில் தடுமாறினால் மன்னிப்புக் கேட்டு நிறுத்தாமல், பாத்திரமாகவே இருந்து தொடருங்கள். நடித்து முடித்தபின் ‘இதையே கொஞ்சம் அலட்சியமாகச் செய்து காட்டுங்கள்’ என்று கேட்டால், முதல் முறை பிடிக்கவில்லை என்று கலங்க வேண்டாம். உங்களோடு வேலை செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறிப்பைக் கேட்டு உண்மையிலேயே மாற்றிக் காட்டுகிறவர் அந்தப் பாத்திரத்தைப் பெறாவிட்டாலும் நினைவில் நிற்பார். உயரம், வயது, ஏற்கெனவே முடிவான மற்றொரு நடிகருடன் முகச்சாயல் பொருந்துவது என்று உங்கள் கையில் இல்லாத காரணங்கள் முடிவைத் தீர்மானிப்பதுண்டு. ஆடிஷன் தேதி, பாத்திரம், அழைத்தவர், கிடைத்த குறிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். மறுமுறை அதே அலுவலகம் அழைக்கும்போது அந்த நோட்டு கைகொடுக்கும்.

பணம் கேட்பவர்கள்

ஏஜென்ட் என்பவர் உங்களுக்கு வாய்ப்புத் தேடித் தந்து, நீங்கள் சம்பாதித்த பிறகு அதில் குறிப்பிட்ட சதவீதத்தைப் பெறுகிறவர். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ‘பாத்திரம் உறுதி’ என்று முன்பணம் ஆகியவற்றைக் கேட்பவர், அவர் எவ்வளவு பெரிய பெயர்களைச் சொன்னாலும், ஏஜென்ட் அல்லர். காஸ்டிங் டைரக்டருக்குச் சம்பளம் தருவது தயாரிப்பு நிறுவனம். நடிகரிடம் அவர் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. தனியார் அறையில், இரவு நேரத்தில், தனியாக வரச் சொல்லும் ஆடிஷனுக்குப் போகாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வருகிறேன் என்று சொன்னவுடன் அழைப்பு ரத்தானால் சந்தேகம் தீர்ந்தது. நெருக்கமான காட்சிக்கான ஒப்புதலை முதல் சந்திப்பிலேயே உடையைக் களைந்து காட்டச் சொல்லிப் பெறுவது எந்த ஒழுங்கான நிறுவனத்தின் வழக்கமும் அன்று. அத்தகைய காட்சிகளுக்கென்றே ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தும் முறை இப்போது பல நாடுகளில் பரவியிருக்கிறது.

படப்பிடிப்புத் தளத்தில்

முதல் வேலை ஒரு நாள் வேலையாகவோ ஒற்றை வரிப் பாத்திரமாகவோ இருக்கக்கூடும். அழைத்த நேரத்துக்கு முன்பே போய் உதவி இயக்குநரிடம் வந்துவிட்டதைச் சொல்லுங்கள். ஒரே காட்சியை முதலில் அகலமான சட்டகத்திலும் பின்னர் க்ளோசப்பிலும் எடுப்பது வழக்கம் என்பதால், அகலச் சட்டகத்தில் என்ன செய்தீர்களோ அதையே மறுபடியும் செய்ய வேண்டும். ‘நேற்று’ என்ற சொல்லில் தண்ணீர்க் குவளையை வலக்கையால் எடுத்து, ‘வந்தார்’ என்ற சொல்லில் கீழே வைத்திருந்தால், ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில் எடுத்து அதே சொல்லில் வைக்க வேண்டும். இல்லையென்றால் எடிட்டரால் இரண்டையும் ஒட்ட முடியாமல் உங்கள் நல்ல டேக் தூக்கி எறியப்படும். இதனால் புதியவர்கள் கைக்கு வேலை குறைவாகக் கொடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய மார்க்கில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்பதற்கு, அங்கிருந்து பின்னோக்கி அடிகளை எண்ணி நடந்து பழகும் முறை உண்டு. அழுகைக் காட்சியின் முழு பலத்தையும் முகமே சரியாகத் தெரியாத அகலச் சட்டகத்தில் செலவழித்துவிட்டு, க்ளோசப் வரும்போது வறண்டு நிற்பவர்கள் ஏராளம். காட்சி எந்த வரிசையில் எடுக்கப்படுகிறது என்று உதவி இயக்குநரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பச் சேமித்து வையுங்கள். மானிட்டரை அழைக்காமல் போய்ப் பார்ப்பதும், சக நடிகருக்கு நடிப்புக் குறிப்பு சொல்வதும் வேண்டாம்.

ஒப்பந்தம்

சிறிய பாத்திரத்துக்கும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கேளுங்கள். எத்தனை நாள் கால்ஷீட், நாள் கூடினால் என்ன ஊதியம், பணம் எந்தத் தேதியில் வரும், டப்பிங்கும் விளம்பர நிகழ்ச்சிகளும் அதே ஊதியத்துக்குள் அடங்குமா, திரையில் பெயர் வருமா ஆகியவை அதில் இருக்க வேண்டும். விளம்பரப் படமென்றால் எந்தெந்த ஊடகத்தில், எவ்வளவு காலம் அது ஓடும் என்பதும், அந்தக் காலத்தில் போட்டி நிறுவனத்துக்கு நடிக்கத் தடை உண்டா என்பதும் ஊதியத்தைவிட முக்கியமாகிவிடும். அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கும் இன்னொரு கவலை, நடிகரின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பது. 2023-இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தில் இது மையமான பிரச்சினைகளுள் ஒன்றாக இருந்தது. பின்னர் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இத்தகைய டிஜிட்டல் நகலுக்கு ஒப்புதலும் ஊதியமும் தேவை என்ற விதிகள் இடம்பெற்றன. ‘இப்போதுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லாத் தொழில்நுட்பத்திலும்’ பயன்படுத்தலாம் என்பது போன்ற வாசகம் கண்ணில் பட்டால், அதன் வரம்பைக் கேட்டுத் தெளிவாக எழுதிக்கொள்ளாமல் கையெழுத்திடாதீர்கள். உங்கள் பகுதியில் நடிகர் சங்கம் இருந்தால் அதன் மாதிரி ஒப்பந்தத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்து வைத்திருங்கள்.

வேலை முடிந்து படம் வெளியான பின், தயாரிப்பு நிறுவனத்திடம் உங்கள் காட்சித் துண்டைக் கேட்டுப் பெற்று, ஷோரீலில் இருக்கும் பலவீனமான பழைய காட்சி ஒன்றை எடுத்துவிட்டு இதைச் சேருங்கள். உங்களை முதலில் அழைத்த காஸ்டிங் அலுவலகத்துக்கும், முன்பு நல்ல குறிப்புத் தந்து தேர்ந்தெடுக்காமல் விட்ட அலுவலகங்களுக்கும் அந்தப் புதிய இணைப்பை இரண்டு வரிக் கடிதத்தோடு அனுப்புங்கள். நோட்டில் எழுதிவைத்த பெயர்கள் பயன்படுவது இங்கேதான்.