மலைக்கடைக்காரர் அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடும் முறை

ஊட்டியில் கடை வைத்திருப்பவர் ஏப்ரல், மே சீசனை மட்டும் நம்பி ஆண்டுத் திட்டம் எழுதக் கூடாது. முதலில் கணக்கு நோட்டை எடுத்து, மாதவாரியாக விற்பனையைக் கூட்டி, சீசனில் மிஞ்சிய பணம் ஜூன் மழை தொடங்கியபின் வாடகைக்கும் சம்பளத்துக்கும் எத்தனை வாரம் தாங்கியது என்று பார்க்க வேண்டும். புதுக் கிளை திறப்பதைவிட இந்தக் கையிருப்பே முக்கியம் என்பேன்.

2024 மே 7 முதல், வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. ஆகவே, கூட்டம் அலைமோதும் என்ற பழைய கணக்கில் சரக்கு எடுக்காமல், தைலத்தைச் சற்றுக் கூடுதலாகவும், நமுத்துப்போகும் வர்க்கி பிஸ்கட்டை அன்றன்றைய தேவைக்கும் வாங்குங்கள்.

வரி விஷயத்தில் அவசரம் வேண்டாம். விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் வணிகர், விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்துக்கு மாற நினைத்தால், நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே, அதாவது மார்ச் 31-க்குள், விருப்பம் தெரிவிக்க வேண்டும். ஆனால் அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது என்பதால், பெங்களூரு வாடிக்கையாளருக்குச் சாக்லேட் பார்சல் அனுப்புகிறவர் அந்த வருமானத்தைத் தனியே எழுதிப் பார்த்தபின் முடிவெடுக்கட்டும்.